கொங்கோ வனத்திலே விழித்த மனச்சாட்சி

ஆபிரிக்கக் கண்டத்தின் படத்தை விரித்து நோக்கும் மாணவர், அதன் நடுவிலே பெருநதியொன்று வில்லைப்போல் வளைந்து ஓடுவதையும், அதன் கிளையாறுகள் பாயும் பரந்த நிலத்தின் பெரும்பகுதி ஒரே நாடாகக் குறிக்கப்பட்டிருப்பதையும் காண்பர். அதுவே கொங்கோ. பெல்ஜியம் என்னும் சிறு தேசத்தைப்போல் 70 மடங்குக்கு மேற்பட்ட பரப்புடையது. இந்நாட்டின் எல்லைகளை வகுத்தவர்கள் அந்நாட்டு மக்களல்லர். 1884ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1885ஆம் ஆண்டு பெப்ரவரி வரை பேர்லின் நகரிலே 14 தேசங்களின் பிரதிநிதிகள் கூடி ஆபிரிக்காவைப் பற்றிப் பேசினார்கள். அம்மகாநாட்டு மேசையின் முன் ஆபிரிக்கர் ஒருவரேனும் அமரவில்லை.

அவ்வாண்டிலேயே பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோப்போல்ட், ‘கொங்கோ சுதந்திர அரசு’ என்று பெயர் சூட்டப்பட்ட அந்நாட்டின் அதிபதியானார். பெயரில் மட்டுமே சுதந்திரம் இருந்தது. அது பெல்ஜியத்தின் குடியேற்ற நாடுகூட அன்று. ஒரு தனி மனிதரின் சொந்தச் சொத்து. தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் கொங்கோவில் காலடி வையாத அம்மன்னர், அடிமை வியாபாரத்தை ஒழிக்கவும் நாகரிகத்தைப் பரப்பவும் சுவிசேஷத்துக்கு வழி திறக்கவுமே தாம் இப்பாரத்தை ஏற்றதாக உலகுக்கு உரைத்தார். உலகமும் நம்பிற்று. மிஷன் சபைகள் பலவும் நம்பின.

அந்நம்பிக்கை எவ்வாறு குலைந்தது? சிலுவையை ஏந்திச் சென்றவர்களின் கண்ணெதிரிலேயே கொடுமை நடந்தபோது அவர்களுள் யார் வாய் திறந்தார்கள், யார் மௌனமாயிருந்தார்கள்? இவ்வினாக்களை நம் வாசகர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

இறப்பரும் இரத்தமும்

1888ஆம் ஆண்டிலே டன்லொப் என்னும் மிருக வைத்தியர் காற்றடைத்த டயருக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். சைக்கிள்களும், பின்னர் மோட்டார் வண்டிகளும் பெருகவே இறப்பருக்கு என்றுமில்லாத கிராக்கி ஏற்பட்டது. கொங்கோ வனங்களிலே இறப்பர் தரும் கொடிகள் உயர்ந்த மரங்களைச் சுற்றிப் படர்ந்திருந்தன. நம் நாட்டுத் தோட்டங்களிற்போல் வரிசையாக நட்ட மரங்கள் அங்கில்லை. கொடியைத் தேடி ஒருவன் நாட்கணக்கில் சதுப்பு நிலங்களூடே அலைய வேண்டும்; மரத்தின் மேலேறிக் கொடியை வெட்டிப் பாலை எடுக்க வேண்டும். அப்பாலைத் தன் மார்பிலும் கைகளிலும் பூசி உலரவைத்துத் தோலிலிருந்து உரித்தெடுக்கும்போது, உரோமமும் உடன் பிய்ந்து வரும்.

இவ்வேலையை விரும்பிச் செய்வார் யார்? ஆதலால் வற்புறுத்தும் முறை வகுக்கப்பட்டது. ‘வெற்று நிலம்’ யாவும் அரசுக்குச் சொந்தம் என்று சட்டம் செய்தனர். காடுகளின் விளைபொருளும் அரசினதும் அரசு உரிமை வழங்கிய கம்பனிகளினதும் உடைமையாயிற்று. ஒவ்வொரு கிராமமும் இத்தனை நாளைக்கு இத்தனை நிறை இறப்பர் கொடுக்க வேண்டுமென்று அளவு விதித்தனர். ஆடவர் காட்டுக்குப் போய் வரும்வரை அவர்தம் மனைவியரைப் பணயமாகப் பிடித்து அடைத்து வைத்தனர். குறைவாகக் கொண்டு வந்தவனுக்கு நீர்யானைத் தோலால் முறுக்கிய சவுக்கடி காத்திருந்தது.

அடங்காத கிராமங்களின் மேல் படைவீரர் ஏவப்பட்டனர். அவ்வீரர் தோட்டாக்களை வேட்டையில் வீணாக்குவார்களோ என்று அஞ்சிய அதிகாரிகள், செலவான ஒவ்வொரு தோட்டாவுக்கும் கொல்லப்பட்டவனின் வலக்கையைக் கணக்காகக் காட்டும்படி கேட்டனர். கணக்குச் சரிக்கட்டுவதற்காக உயிரோடிருந்தவர் கைகளும் வெட்டப்பட்டன. கடைகளிலே பொருளுக்குச் சிட்டை எழுதுவதுபோல் அங்கே மனிதர் கைகளால் சிட்டை எழுதினார்கள்.

முதலிற் பேசியோர் கறுப்பர்

இக்கொடுமையை உலகறியச் செய்தவர் என்றதும் ஐரோப்பியர் பெயர்களையே பல நூல்கள் கூறும். ஆயினும் முதலில் வாய் திறந்தவர் ஜோர்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பர். உள்நாட்டுப் போரிலே போர்வீரராய் நின்றவர்; பப்ரிஸ்து சபைப் போதகர்; தம் இனத்தாரின் சரித்திரத்தை எழுதியவர். 1890ஆம் ஆண்டு கொங்கோ நதியின் மேற்பகுதிவரை பிரயாணஞ் செய்து, மன்னர் லியோப்போல்டுக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். நிலத்தைக் கவர்ந்த சூழ்ச்சியையும், கிராமங்களை எரித்ததையும், மக்களை விலங்கிட்டதையும் ஒவ்வொன்றாக அதிலே குற்றஞ்சாட்டினார். அவ்வாண்டிலேயே அமெரிக்க அரசாங்கச் செயலாளருக்கு எழுதிய கடிதமொன்றில், லியோப்போல்டின் ஆட்சி ‘மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களைப்’ புரிந்தது என்று குறிப்பிட்டார். சர்வதேச நீதிமன்றங்கள் இன்று கையாளும் இத்தொடரை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் அதற்கு வருவோம்.

வில்லியம்ஸ் மறுவருடமே, 41 வயதில், இங்கிலாந்திலே காலமானார். மன்னரின் ஆதரவாளர்கள் அவர் நற்பெயரைக் கெடுக்க முயன்றார்கள். அவர் குரல் விரைவிலே மறக்கப்பட்டது.

இரண்டாமவர் வில்லியம் ஷெப்பேர்ட். இவரும் அமெரிக்கக் கறுப்பரே. வேர்ஜீனியாவில் 1865ஆம் ஆண்டு பிறந்தவர். ஆபிரிக்காவுக்குச் செல்ல அவர் விண்ணப்பித்தபோது, தென் மாநிலங்களின் பிரஸ்பித்தேரியன் சபை அவரைத் தனியே அனுப்ப விரும்பவில்லை. வெள்ளையர் ஒருவர் துணையாகக் கிடைக்கும்வரை காத்திருக்க வைத்தது. கறுப்பருக்குச் சுவிசேஷம் கொண்டு செல்லும் கறுப்பரையே நம்பாத சபை அது! 1890ஆம் ஆண்டு சாமுவேல் லாப்ஸ்லி என்னும் இளைஞருடன் கொங்கோ சேர்ந்தார். லாப்ஸ்லி இரண்டாண்டுகளில் காய்ச்சலால் மடிந்தார். ஷெப்பேர்ட் பணியைத் தொடர்ந்து, அந்நியர் எவரும் நுழையலாகாதென்றிருந்த கூபா இராச்சியத்தின் தலைநகரை 1892ஆம் ஆண்டு அடைந்து, அம்மக்களின் சிற்பத்தையும் நெசவையும் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

1899ஆம் ஆண்டிலே, அரசின் ஏவலால் திறை தண்டச் சென்ற கூட்டத்தாரின் அட்டூழியங்களை விசாரித்து வரும்படி மிஷன் அவரைப் பணித்தது. உயிருக்கு அஞ்சியே சென்றார். முன்பே அவரை அறிந்திருந்த கூட்டத் தலைவன், அரசு அதிகாரிக்குக் காட்டுவதற்கென்று நெருப்பின் மேல் வாட்டி வைத்திருந்த வலக்கைகளைத் தயங்காது காட்டினான். ஷெப்பேர்ட் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார்: 81. கண்ணீர் விட்டிருக்கலாம், பிரார்த்தித்திருக்கலாம். ஆனால் முதலில் எண்ணினார், பின்னர் எழுதினார். எண்ணிக்கை இருந்தபடியால் அது வதந்தி என்று தள்ளிவிட முடியாத சாட்சியாயிற்று.

கமராவும் கப்பற் கணக்கும்

1904ஆம் ஆண்டு மே மாதம் 14ஆந் திகதி, பாரிங்கா என்னுமிடத்து ஆங்கில மிஷன் வீட்டுக்கு இன்சாலா என்னும் கிராமவாசி வந்தார். அவர் கையில் இலைப் பொதியொன்று இருந்தது. இறப்பர் அளவு குறைந்த குற்றத்துக்காக அவருடைய ஊரைத் தாக்கிய கம்பனிக் காவலர், அவர் மனைவியையும் மகள் போவாலியையும் கொன்றுவிட்டனர். பொதியிலிருந்தவை அச்சிறுமியின் கையும் பாதமுமே. அவ்வீட்டிலிருந்த அலிஸ் ஹரிஸ் அம்மையார் தம் கமராவை எடுத்து, தம் மகளின் எச்சத்தை நோக்கியபடி திண்ணையோரம் அமர்ந்திருந்த அத்தந்தையைப் படம் பிடித்தார். ஒலியற்ற அந்தப் படம் ஆயிரம் பிரசங்கங்களிலும் உரத்துப் பேசிற்று. அலிஸ் அம்மையாரும் அவர் கணவர் ஜோன் ஹரிஸும் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஊரூராகச் சென்று, விளக்கொளியாற் படங்களைத் திரையில் வீழ்த்தி மக்களுக்குக் காட்டினார்கள்.

இதற்கு முன்பே லிவர்பூல் நகரக் கப்பற் கம்பனியொன்றின் எழுதுவினைஞரான ஈ. டீ. மொறெல், அன்ற்வேர்ப் துறைமுகத்திலே ஓர் உண்மையைக் கண்டுபிடித்திருந்தார். கொங்கோவிலிருந்து வந்த கப்பல்கள் இறப்பரையும் தந்தத்தையும் நிறைத்து வந்தன. திரும்பிச் சென்றவை பெரும்பாலும் துவக்குகளையும் வெடிமருந்தையுமே ஏற்றிச் சென்றன. வியாபாரமென்றால் கொடுக்கலும் வாங்கலும் இருக்க வேண்டுமன்றோ? கொடுக்காமல் வாங்குவது கட்டாய உழைப்பாகவே இருக்க முடியும் என்று, கொங்கோவைக் காணாமலே கணக்கேட்டிலிருந்து அவர் தெளிந்தார். பிரித்தானியக் கொன்சல் றொஜர் கேஸ்மன்ட் நேரிற் சென்று எழுதிய அறிக்கை 1904ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே கொங்கோ சீர்திருத்தச் சங்கமும் பிறந்தது.

இங்கே ஒன்றை மறைத்தலாகாது. வில்லியம்ஸ் எழுதியதற்கும் இவ்வியக்கம் எழுந்ததற்கும் இடையே 14 ஆண்டுகள் கழிந்தன. கறுப்பர் உரைத்தபோது காது கொடாத உலகம், வெள்ளையர் உரைத்தபோது நிமிர்ந்து கேட்டது. கொங்கோவிலே வாழ்ந்த ஷானு என்னும் மேற்கு ஆபிரிக்கர் மொறெலுக்கு இரகசியமாகத் தகவல் அனுப்பி உதவினார். அது வெளிப்பட்டதும் அதிகாரிகள் அவரைத் துன்புறுத்தி, அவர் தொழிலை நாசமாக்க, 1905ஆம் ஆண்டு அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மனச்சாட்சியின் விலையும் இன வேற்றுமைக்கு ஏற்பவே அறவிடப்பட்டது.

நூற்றுப்பத்துக் குச்சிகள்

எதிர்ப்பு வலுக்கவே, லியோப்போல்ட் மூன்று நீதிபதிகள் கொண்ட விசாரணைக் குழுவைத் தாமே நியமித்துக் கொங்கோவுக்கு அனுப்பினார். தம் நியமனமாதலின் அவர்கள் தம்மைக் காப்பார்கள் என்று எண்ணினார் போலும். மிஷனரிமார் சாட்சிகளை அழைத்து வந்தனர்.

அவர்களுள் ஒருவர் பொலிமா ஊர்த் தலைவர் லொந்துலு. சவுக்கடி பட்டவர், பணயமாக அடைபட்டவர், விலங்கோடு வேலை செய்தவர். எழுத்தறிவு அவருக்கில்லை. அவர் மேசையின் மேல் 110 குச்சிகளை வைத்தார். இறப்பருக்காக மாண்ட தம் மக்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு குச்சி. ஊரின் பெரியோர், ஆடவர், பெண்டிர், பிள்ளைகள் என நான்கு குவியலாகப் பிரித்து, குச்சி குச்சியாகத் தொட்டு, இறந்தவர் பெயர்களைக் கூறினார்.

கொங்கோவில் மொத்தம் எத்தனை பேர் மாண்டனர்? அக்காலத்திலே குடிசனக் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. கொலையோடு பசியும் நோயும் சேர்ந்தமையால், சரித்திராசிரியர்கள் இலட்சக்கணக்கினின்று கோடிவரை பலவாறு மதிப்பிடுவர். ஆனால் லொந்துலுவின் 110 பேருக்கும் பெயருண்டு. மனிதரைத் தொகையாகவே கண்டது அவ்வாட்சி. அவர்களைப் பெயராகத் திருப்பித் தந்தார் எழுத்தறியாத அவ்வூர்த் தலைவர். நீதிபதிகள் 1905ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, மன்னரின் எதிர்பார்ப்புக்கு மாறாக, குற்றச்சாட்டுகளின் சாரத்தை மெய்யென்றே உறுதி செய்தது.

மௌனமாயிருந்தோர்

திருச்சபையின் புகழை மட்டும் பாடி முடித்தால் உண்மைக்குத் துரோகஞ் செய்தவராவோம். மிஷனரிமாரிற் பலர் நெடுங்காலம் பேசவில்லை. நிலமும் அனுமதியும் அரசின் கையிலிருந்தன. வாய் திறந்தால் மிஷன் நிலையங்கள் மூடப்படுமோ என்ற அச்சம் இருந்தது. 1896ஆம் ஆண்டிலே மன்னர் ‘சுதேசிகள் பாதுகாப்புக் குழு’ என்றொன்றை அமைத்தபோது, கத்தோலிக்கர் மூவரும் புரட்டஸ்தாந்தர் மூவரும் அதில் அங்கம் ஏற்றனர். அவர்களில் ஒருவரேனும் இறப்பர் சேகரிக்கும் பகுதியில் வசிக்கவில்லை! பெல்ஜியக் கத்தோலிக்கரிலே பெரும்பாலோர் இதனைத் தம் மன்னர்மீதும் மதத்தின்மீதும் ஆங்கிலப் புரட்டஸ்தாந்தர் தொடுத்த அவதூறு என்றே கொண்டனர். ஆயினும் வெர்மேர்ஷ் என்னும் பெல்ஜிய யேசுசபைக் குரு 1906ஆம் ஆண்டு நூலொன்று எழுதி அவ்வாட்சியைக் கண்டித்தார். சொந்தத் தேசத்துக்கும் சொந்தச் சபைக்கும் எதிராக உண்மை பேசுவதே மனச்சாட்சிக்குக் கடினமான சோதனை.

மனச்சாட்சி எந்த மதத்தாருக்கும் ஏகபோக உரிமையும் அன்று. ஷெப்பேர்ட் எழுதிய கட்டுரைக்காக 1909ஆம் ஆண்டு இறப்பர்க் கம்பனி அவர்மேல் அவதூறு வழக்குத் தொடுத்தபோது, பெல்ஜியத்திலிருந்து கப்பலேறி வந்து ஊதியமின்றி அவருக்காக வாதாடியவர் எமில் வண்டர்வெல்ட் என்னும் சமதர்மக் கட்சித் தலைவர். ஷெப்பேர்ட் விடுதலையானார்.

வனத்தைவிட்டுத் தோட்டத்துக்கு

1908ஆம் ஆண்டு லியோப்போல்ட் கொங்கோவைப் பெல்ஜிய அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அவர் செய்த ‘பெருந் தியாகங்களுக்கு’ நன்றியாக அவருக்கு ஐந்து கோடி பிராங்க் வழங்க உடன்பட்டனர். கை இழந்தவர்களுக்கு நன்றியுமில்லை, நட்டஈடுமில்லை.

காட்டு இறப்பரின் கொடுமை தணிந்ததற்கு மனச்சாட்சி மாத்திரம் காரணமன்று. அமேசன் பிரதேசத்திலிருந்து 1876ஆம் ஆண்டு இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு வரப்பட்ட விதைகளின் கன்றுகள், அவ்வாண்டிலேயே நம் இலங்கைக்கு வந்து கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்கள் பெருகி, 1913ஆம் ஆண்டளவில் தோட்ட இறப்பர் காட்டு இறப்பரை விஞ்சிவிட்டது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களிலே பால் வெட்டியோரில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர். கொங்கோ வனத்தின் சுமை ஒருவாறு இறங்கியது. உலகத்தின் சுமை வேறு தோள்களுக்கு மாறிற்று. அவர்கள் பட்ட பாடு வேறொரு சரித்திரம்.

ஆட்சி மாறியும் ஆறாத புண்

பெல்ஜிய ஆட்சியிலே கை வெட்டும் வழக்கம் ஒழிந்தது. ஆயினும் அரசும் கம்பனியும் திருச்சபையும் ஆட்சியின் மூன்று தூண்களாயின. மிஷன் பாடசாலைகள் இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தன. அது நன்றியுடன் நினைக்கத்தக்கதே. ஆனால் உயர்கல்வியின் வாசல் நெடுங்காலம் அடைத்தே இருந்தது. 1960ஆம் ஆண்டு சுதந்திரம் வந்தபோது, அப்பெரு நாட்டிலே பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற கொங்கோ மக்கள் முப்பதின்மரும் இலர்.

கொங்கோ மக்கள் தம் சொந்தக் குரலிலே சுவிசேஷத்தைப் பேசியபோது நேர்ந்ததையும் அறிதல் வேண்டும். பப்ரிஸ்து சபை உபதேசியாரான சைமன் கிம்பாங்கு 1921ஆம் ஆண்டு பிரசங்கிக்கத் தொடங்கியதும் மக்கள் ஆயிரமாயிரமாகத் திரண்டனர். துவக்கேந்தாத அவருக்கு இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மன்னர் அதை ஆயுட் சிறையாகக் குறைத்தார். முப்பது ஆண்டுகள் சிறையிலிருந்து, 1951ஆம் ஆண்டு அங்கேயே உயிர் நீத்தார். அவர் பெயரால் எழுந்த திருச்சபையை உலகத் திருச்சபைகள் மன்றம் 1969ஆம் ஆண்டு அங்கமாக ஏற்றுக்கொண்டது.

வேறொரு கொடுமை வெள்ளைத் தந்தையர்க்கும் ஆபிரிக்கத் தாய்மார்க்கும் பிறந்த பிள்ளைகள்மேல் இழைக்கப்பட்டது. அவர்களைத் தாயிடமிருந்து பறித்து மிஷன் விடுதிகளிலே வைத்தனர். கறுப்பர்க்கும் வெள்ளையர்க்கும் இடையே வகுத்த கோட்டை அப்பிள்ளைகள் அழித்துவிடுவர் என்று ஆட்சி அஞ்சியது. தாயைப் பிரிந்து அழுத அப்பிள்ளைகளைக் காத்து நிற்க வேண்டிய சபை, பிரித்த கைக்குத் துணை நின்றது. பெல்ஜியக் கத்தோலிக்க ஆயர்கள் இதற்காக 2017ஆம் ஆண்டிலும், பிரதமர் 2019ஆம் ஆண்டிலும் மன்னிப்புக் கேட்டனர்.

மன்னிப்போடு நில்லாது நீதியும் கேட்டனர் ஐந்து பெண்மணிகள். ஏழு வயது நிரம்புமுன் தாயிடமிருந்து பறிக்கப்பட்ட அவர்கள், முதுமையிலே பெல்ஜிய அரசின் மேல் வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு அதனைத் தள்ளியது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆந் திகதி பிரசெல்ஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம், அது மனிதகுலத்துக்கு எதிரான குற்றமே என்று தீர்ப்பளித்து, ஒவ்வொருவருக்கும் 50,000 யூரோ நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டது. ஆம், வாசகர்களே! கறுப்பினப் போதகர் வில்லியம்ஸ் 1890ஆம் ஆண்டு எழுதிய அதே சொற்றொடர்! அச்சொல் அத்தேசத்தின் நீதிமன்றத் தீர்ப்பிலே இடம் பெற 134 ஆண்டுகள் சென்றன.

இதற்கிடையே பெல்ஜிய மன்னர் பிலிப், சுதந்திரத்தின் 60ஆம் ஆண்டு நிறைவாகிய 2020ஆம் ஆண்டு ஜூன் 30ஆந் திகதி, கடந்தகாலக் கொடுமைகளுக்காகத் தம் ஆழ்ந்த மனவருத்தத்தைக் கொங்கோ ஜனாதிபதிக்கு எழுத்திலே தெரிவித்தார். 1961ஆம் ஆண்டு கொலையுண்ட முதற் பிரதமர் பற்றிஸ் லுமும்பாவின் உடலில் எஞ்சியிருந்த ஒரேயொரு பல், 2022ஆம் ஆண்டு அவர் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

நாம் கற்கும் பாடம்

இது பழங்கதையென்று ஏட்டை மூடிவிட இயலாது. உலகில் அகழ்ந்தெடுக்கும் கோபால்ட் உலோகத்தில் பாதிக்கு மேல் கொங்கோ மண்ணிலிருந்தே வருகின்றது; நம் கைப்பேசியின் மின்கலத்திலும் அதன் துகளிருக்கக்கூடும். கிழக்குக் கொங்கோவிலே கனிவளத்துக்காகவும் அதிகாரத்துக்காகவும் நடந்த போர்களில் சிதைந்த பெண்களுக்குச் சிகிச்சை அளித்தவர் வைத்தியர் டெனிஸ் முக்வேகே. போதகர் ஒருவரின் மகனான அவருக்கு 2018ஆம் ஆண்டு சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் தாம் கண்டதை வைத்தியசாலைச் சுவர்களுக்குள் புதைத்துவிடாது, உலக மன்றங்களிலே எடுத்துரைத்தார். ஷெப்பேர்டின் வழியில் வந்தவர் என்றே அவரைக் கூறலாம்.

அயலானை நேசி என்று போதிப்பது எளிது. அயலானின் கை எங்கே என்று கேட்பது அரிது. கொங்கோவின் துயரை உலகறியச் செய்தோர் உலகின் பெரும் பதவியாளர்களல்லர். கைகளை எண்ணிய போதகர், படம் பிடித்த பெண்மணி, கணக்கேட்டை வாசித்த எழுதுவினைஞர், குச்சிகளைப் பரப்பிய ஊர்த் தலைவர். ஒவ்வொருவரும் தம் கைக்கெட்டிய கருவியாலே உண்மையைப் பதித்தனர். நம் பிள்ளைகள் சரித்திர நூலைப் படிக்கும்போது மன்னர்களின் ஆண்டுகளை மனனஞ் செய்வதோடு, பெயரறியாது மறைந்தவர்களின் பெயரையும் தேடப் பழகுவார்களாக. எங்கோ ஒருவன் அநீதியை உரைக்கும்போது, அவன் எந்த நிறத்தவன், எந்தக் குலத்தவன், எந்தச் சபையான் என்று கேட்குமுன், அவன் உரைப்பது உண்மையா என்று கேட்கும் பழக்கம் நம் இல்லங்களில் வேரூன்றுமாயின், இன்னொரு வில்லியம்ஸ் 134 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.